கள்ளுக்கடைக் கொடியும் மளிகைக்கடைப் பலகையும்



கடைக்குப் பெயர்ப் பலகை மாட்டும் வழக்கம் எப்போது வந்தது என்று கேட்டால், வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது என்றே நம்மில் பலர் சொல்வோம். அது சரியல்ல. எழுத்து எழுதிய பலகை வேண்டுமானால் பிற்காலத்தில் வந்திருக்கலாம். "இங்கே இன்ன சரக்கு கிடைக்கும்" என்று தெருவில் போகிறவனுக்குத் தூரத்திலிருந்தே சொல்லும் அடையாளம் சங்க காலத்திலேயே நம் கடைகளில் இருந்தது. அதன் பெயர் கொடி. நம் பழைய இலக்கியங்கள் மறக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும் கடைக்கொடி எது என்றால், அது கள்ளுக்கடைக் கொடி.

கள்ளின் பெருமை பேசுவது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். அது 93ஆம் அதிகாரம். குடியால் கெட்ட குடும்பங்களை அவற்றின் கடன் நோட்டைப் பார்த்தே அறிந்தவர்கள் நாம். ஆனால் ஒரு கடை தன்னை எப்படி அறிவித்துக் கொண்டது, அந்த அறிவிப்பை வாங்குகிறவன் எப்படி நம்பினான் என்பது மளிகைக்கடைக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம். ஆகவே சரக்கை விட்டுவிட்டுக் கொடியை மட்டும் பார்ப்போம்.

பூம்புகாரில் பறந்த கொடிகள்

பத்துப்பாட்டில் ஒன்று பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகால் சோழன் மேல் பாடியது. மொத்தம் 301 அடிகள். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்ட பிறகுதான் இது நம் போன்றவர்கள் கைக்கும் எட்டியது.

இந்தப் பாட்டில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசையாகச் சொல்லும் ஒரு பகுதி உண்டு. முதலில் பலரும் தொழுகின்ற தெய்வக் கொடி. அடுத்தது சரக்குக்கு மேல் நட்ட கொடி. பண்டங்கள் வைத்திருக்கும் இடத்தில் தரையை மெழுகி, வெள்ளரிசி தூவி, அதன்மேல் கொடி நட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளைத் துணி கரும்புப் பூப்போல் இருந்ததாம். காலையில் கடை திறந்ததும் நீர் தெளித்து, கோலம் போட்டு, சூடம் காட்டி வியாபாரம் தொடங்கும் நம் வழக்கம் நேற்று முளைத்தது அல்ல என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, கற்றறிந்த ஆசிரியர்கள் வாதத்துக்கு அழைத்து நட்ட கொடி. நான்காவது, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் பாய்மரக் கொடி. அலையில் ஆடும் கப்பலை, கட்டுத்தறியை அசைக்கும் யானைக்கு ஒப்பிடுகிறார் புலவர். ஐந்தாவதாக வருவது கள்ளுக்கடைக் கொடி. அந்தக் கடையின் முற்றத்தில் மீனையும் இறைச்சியையும் துண்டு போட்டுப் பொரிக்கும் ஓசை கேட்கிறது. மணல் பரப்பிப் பூ சிதறியிருக்கிறது. வாசலில் தெய்வத்துக்குப் பலி இட்டிருக்கிறது. பலர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். மேலே கொடி ஆடுகிறது. அந்தக் கொடியைக் குறிக்கும் இடத்தில் "நொடை" என்ற சொல்லைப் புலவர் ஆளுகிறார். நொடை என்றால் விலை, விற்பனை. ஆகவே இது அழகுக்குக் கட்டிய தோரணம் அல்ல. விற்பனைக்கென்றே கட்டிய கொடி. இன்றைய மொழியில் சொன்னால் கடைப் பலகை.

இவ்வளவு கொடிகளும் நெருங்கி நின்றதால் வெயில் உள்ளே நுழையாத நகரம் என்கிறது பாட்டு.

தொண்டை நாட்டுக் கடை ஒன்று

பூம்புகார் சோழ நாடு. நம் பக்கத்துச் செய்தி என்ன? பிள்ளைப்பாக்கமும் திருப்பெரும்புதூரும் ஒரகடமும் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தவை. அந்த நாட்டுக்குத் தலைநகர் காஞ்சி. காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. 500 அடிகள். இதைப் பாடியவரும் அதே உருத்திரங்கண்ணனார்தான்.

பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்வது போல் அமைந்த பாட்டு இது. வழியில் நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினம் வருகிறது. அங்கே ஒரு வாசல். பசுங்கொடி ஆடுகிறது. பலர் நுழைகிறார்கள். முற்றத்தில் செம்பூக்கள் தூவியிருக்கின்றன. உள்ளே பெண்கள் கள் காய்ச்சுகிறார்கள். அவர்கள் பாத்திரம் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிகள் புரளுகின்றன. நெல்மாவு தீற்றிக் குழியில் வைத்து வளர்த்த பன்றியின் கொழுத்த கறியும் கள்ளும் கிடைக்கும் என்று பாணனுக்குச் சொல்கிறார் புலவர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. வழி சொல்கிறவர் கடைக்காரர் பெயரைச் சொல்லவில்லை. கொடியைச் சொல்கிறார், வாசலைச் சொல்கிறார், முற்றத்தைச் சொல்கிறார். ஊருக்குப் புதியவன் அந்த அடையாளத்தை வைத்தே கடையைக் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு அடுத்தாற்போல் அதே பட்டினத்துக் கலங்கரை விளக்கம் வருகிறது. வானத்துக்கு முட்டுக் கொடுத்தது போல் உயர்ந்த மாடம், ஏணி வைத்து ஏறும் உச்சி, இரவில் எரியும் தீ, கடலில் ஓடும் கப்பலைக் கூப்பிடும் வெளிச்சம். கரையில் நடப்பவனுக்குக் கொடி, கடலில் வருபவனுக்கு விளக்கு. இரண்டும் ஊர் அறியாதவனுக்கு உதவுபவை.

மதுரையில் கொடி சொன்ன தரம்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டிலேயே நீளமானது. 782 அடிகள். இதிலும் கொடி வரிசை உண்டு. திருவிழாக் கொடி, கோட்டை பிடித்தபோது ஏற்றிய கொடி, போரில் வென்று எடுத்த கொடி ஆகியவற்றோடு சேர்த்துக் கள்ளுக்கடைக் கொடியையும் சொல்கிறார். எல்லாம் மலையிலிருந்து விழும் அருவிபோல் அசைந்தன என்கிறார். அரசனின் வெற்றிக் கொடிக்குப் பக்கத்தில் கடைக்காரனின் கொடியையும் வைத்துப் பாடியது சாதாரண விஷயம் அல்ல. கடைவீதி இல்லாமல் நகரம் இல்லை என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது.

அகநானூற்றில் 126ஆம் பாட்டு நக்கீரர் பாடியது. கொடி ஆடும் கள்ளுக்கடைத் தெரு அதிலும் வருகிறது. அங்கே மீன் விற்க வந்த பாண்மகள், வாளைமீனுக்கு மாற்றாகப் பழைய செந்நெல் அளந்து கொடுத்தால் வாங்க மறுக்கிறாள். முத்தும் நல்ல அணிகலனும்தான் கேட்டுப் பெறுகிறாள். வியாபாரம் நடக்கும் தெரு எது, சரக்குக்கு விலை ஏறும் இடம் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சிலப்பதிகாரத்துக்கு வந்தால் கொடி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைவீதிகளைச் சுற்றிப் பார்க்கிறான். பொன் விற்கும் வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நால்வகைப் பொன். எந்தப் பொன் எந்தக் கடையில் இருக்கிறது என்று வாங்க வருகிறவர்கள் மயங்காதபடி வணிகர்கள் கொடி கட்டி வைத்திருக்கிறார்கள். கள்ளுக்கடைக் கொடி "என்ன சரக்கு" என்று மட்டும் சொன்னது. பொன்கடைக் கொடி "எந்தத் தரம்" என்றும் சொன்னது. வாங்குகிறவனின் கலக்கத்தைத் தீர்ப்பதுதான் கொடியின் வேலை என்பதை அந்தக் காலத்து வணிகர்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

நம் தொழிலும் அதே காதையில் இருக்கிறது. மிளகு மூட்டையோடு தானியங்களைக் குவித்து வைத்த கூல வீதி. நிறுக்கும் கோலும், முகக்கும் அளவையும் கையில் கொண்டு ஆட்கள் அங்குமிங்கும் நடக்கிறார்கள். கூலம் என்றால் தானியம். மணிமேகலைக் காப்பியம் பாடிய சாத்தனாருக்கு மதுரைக் கூலவாணிகன் என்றே பெயர். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றைத் தந்தவர் தானியக்கடைக்காரர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தராசு பிடித்த கை ஏடும் எழுதியிருக்கிறது.

மொத்த வியாபாரிகளுக்கு இன்னொரு செய்தி. பூம்புகாரில் வெளியூர்க்காரர்கள் இறக்கிய பொதிகளின் மேல் அவரவர் பெயரும் கணக்கும் எழுத்தால் பொறித்திருந்தன என்கிறது சிலப்பதிகாரம். இன்று நம் கிடங்கில் அரிசி மூட்டைமேல் அச்சடித்த மார்க்கும் எடையும் இருக்கிறதே, அதற்கு மூதாதை இது. பட்டினப்பாலையில் சுங்கச் சாவடி அதிகாரிகள் சரக்கின்மேல் புலி முத்திரை குத்துகிறார்கள். ஆக, கடைக்குக் கொடி, மூட்டைக்கு எழுத்து, வரி கட்டியதற்கு முத்திரை என்று மூன்று அடையாளங்களும் அன்றே இருந்தன.

மற்ற நாடுகளில்

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியது அல்ல. ரோமாபுரியில் மதுக்கடை வாசலில் இலைக்கொத்துத் தொங்கவிடுவார்கள். அது மதுவுக்குரிய அவர்கள் தெய்வத்தின் அடையாளம். இங்கிலாந்திலும் இலைக்கொத்து கட்டிய கழியை வாசலில் நீட்டி வைத்தார்கள். ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்தின் முடிவுரையில் இந்த இலைக்கொத்தை எடுத்துப் பேச வைக்கிறார். நல்ல சரக்குக்கு அடையாளம் தேவையில்லை என்பது அதன் கருத்து. பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று நாம் சொல்வதும் இதைத்தான். ஆனாலும் பூக்கடைக்காரர் யாரும் பூவை மூடி வைப்பதில்லை.

1393இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில், பானம் காய்ச்சி விற்கிறவர்கள் வாசலில் அடையாளம் மாட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சரக்கு பறிமுதல் என்று சட்டம் வந்தது. தரம் பார்க்க வரும் அதிகாரிக்குக் கடை தெரிய வேண்டும் அல்லவா! படிப்பறிவு இல்லாத மக்கள் அதிகம் என்பதால் சிங்கம், மணி, கிரீடம் என்று படமே பெயராக நின்றது. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் டபார்டு என்று ஒரு சத்திரம் இருந்தது. டபார்டு என்பது ஒருவகை மேலங்கி. அங்கியைப் பலகையில் அடையாளமாகக் கொண்ட அந்தச் சத்திரத்திலிருந்து யாத்திரிகர்கள் புறப்படுவதாக ஜெஃப்ரி சாஸர் 14ஆம் நூற்றாண்டில் காண்டர்பரிக் கதைகளைத் தொடங்கினார். கட்டடம் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் புத்தகத்தில் நிற்கிறது. நீர்ப்பெயற்றுக் கடையின் பசுங்கொடிக்கும் இதே கதைதான்.

ஆஸ்திரியாவில் 1784இல் இரண்டாம் ஜோசப் பேரரசர், திராட்சை பயிரிடுவோர் தங்கள் சொந்த மதுவைத் தாங்களே விற்கலாம் என்று அனுமதித்தார். அவர்கள் கடை திறந்திருக்கும் நாட்களில் வாசலில் பைன் மரக்கிளை தொங்கும். மூடினால் கிளையை எடுத்துவிடுவார்கள். ஜப்பானில் அரிசி மது காய்ச்சும் இடங்களில் தேவதாரு வகை மரத்தின் இலைகளை உருண்டையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். புதுச்சரக்கு வந்ததும் பச்சை உருண்டை. நாள் ஆக ஆக அது பழுப்பாகும். அதன் நிறத்தைப் பார்த்தே சரக்கு எவ்வளவு முதிர்ந்திருக்கும் என்று ஊரார் கணக்கிடுவார்கள்.

இந்த இரண்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அடையாளம் பொய் சொல்லக் கூடாது. இருந்தால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இறக்கிவிட வேண்டும்.

நம் நாட்டில் கள்ளுக்கடைக் கொடி இறங்கிவிட்டது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இடையில் சட்டம் பலமுறை மாறியது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 1983இல் தொடங்கிய அரசு நிறுவனமான டாஸ்மாக், 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் ஏற்றது. அன்றைய கொடி வா என்று மட்டும் கூப்பிட்டது. இன்று விற்பவரே இது கேடு என்றும் எழுதி வைக்கிறார்.

இன்று நம் பலகை யாருடையது?

இவ்வளவும் எதற்குச் சொன்னேன் என்றால், நம் கடைப் பலகைகளின் இன்றைய நிலை கவலை தருகிறது.

நம் பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டைகள் வந்த பிறகு ஊரின் முகமே மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் எங்கும் வெளி மாவட்டத்தாரும் வெளி மாநிலத்தாரும் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறார்கள். முன்பு கடைக்கு வருகிறவர் நம் தகப்பனார் பெயர் சொல்லிக் கேட்பார். இப்போது வருகிறவருக்கு நம்மையும் தெரியாது, நம் தகப்பனாரையும் தெரியாது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் பாணன் போலத்தான் அவர். வாசலில் உள்ள அடையாளத்தைப் பார்த்தே நுழைகிறார்.

அந்த வாசலில் என்ன இருக்கிறது? குளிர்பானக் கம்பெனி, செல்போன் கம்பெனி, சோப்புக் கம்பெனி இவர்கள் செலவில்லாமல் செய்து கொடுத்த பலகை. பத்தடிப் பலகையில் எட்டடி கம்பெனிப் பெயர். மூலையில் இரண்டடி நம் கடைப் பெயர், அதுவும் எழுத்துப் பிழையோடு. எங்கள் சரக்கு வண்டிக்குப் புதிதாக வந்த பையன் ஒரு நாள் எண்ணெய் டின்களை வேறு கடையில் இறக்கிவிட்டான். கேட்டால், "சிவப்பு போர்டு கடைன்னுதானே சொன்னாங்கண்ணே, அந்தத் தெருவுல நாலு கடையும் சிவப்பு போர்டுதான்" என்றான். அவன் மேல் கோபித்துப் பயனில்லை. நான்கு கடைக்காரர்களும் தங்கள் நெற்றியை ஒரே கம்பெனிக்குக் கொடுத்திருந்தார்கள்.

சிலர் கேட்கலாம், "ஃப்ளெக்ஸ் அடித்தாலும் இரும்புச் சட்டம், விளக்கு என்று ஆயிரக்கணக்கில் செலவாகிறது, சும்மா கிடைப்பதை ஏன் விடவேண்டும்?" என்று. நியாயமான கேள்விதான். ஆனால் கம்பெனிக்காரர் கொடுப்பது தானம் அல்ல. தெருவைப் பார்த்த இடத்தை வாடகை இல்லாமல் எடுத்துக் கொள்கிறார். அந்தச் சரக்கு பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனத்திடமும் கிடைக்கும். நம்மிடம் மட்டுமே கிடைப்பது ஒன்றுதான்: நம் சொல். சரியான எடை, கலப்படம் இல்லாத பருப்பு, மாதக் கடைசியில் தாங்கிப் பிடிக்கும் கைமாற்றுக் கணக்கு. அந்தச் சொல்லுக்கு அடையாளம் நம் பெயர்தான். பெயரை மறைத்துக் கொண்டு பெரிய கடையோடு போட்டி போட முடியாது.

செய்ய வேண்டியவை

1. பலகையில் பெரிய எழுத்து நம் கடைப் பெயராக இருக்கட்டும். கம்பெனிப் பலகை வாங்கினாலும் பாதிக்கு மேல் நம் பெயர் வேண்டும் என்று நிபந்தனை சொல்லுங்கள். கேட்டால் கொடுப்பவர்களும் உண்டு.

2. 1948ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும் என்பது முறை. வெளி மாநிலத் தொழிலாளருக்காக அவர் மொழியில் ஒரு வரி சேர்ப்பதில் தவறில்லை. தமிழுக்குக் கீழே சேருங்கள்.

3. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் நுழைவாயில் பெயர்ப் பலகையில் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். பதிவுச் சான்றிதழையும் கடையில் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்கள் அதையும் பலகையில் தெரிவிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவுச் சான்றும் பார்வைக்கு இருக்க வேண்டும். பழைய புலி முத்திரையின் இன்றைய வடிவம் இவை.

4. பலகையோடு ஒரு சித்திரம் இருக்கட்டும். தராசு, நெற்கதிர், மயில் எதுவானாலும் சரி. எழுத்துப் படிக்கத் தெரியாதவரும், நம் மொழி அறியாதவரும் "மயில் கடை" என்று சொல்லிக் கண்டுபிடிப்பார்கள். அதே சித்திரத்தைப் பையிலும் ரசீதிலும் போடுங்கள்.

5. பொன்கடைக் கொடியை நினைவில் வையுங்கள். அரிசியில், பருப்பில் எது முதல் தரம், எது இரண்டாம் தரம் என்று விலையோடு எழுதி வையுங்கள். வாங்குகிறவரின் மயக்கம் தீர்ந்தால் பேரம் பாதியாகக் குறையும்.

6. இல்லாத சரக்கை எழுதி வைக்காதீர்கள். ஆஸ்திரியாக்காரன் கிளையை இறக்குவது போல் அன்றன்றைக்கே அழித்துவிடுங்கள். தீபாவளித் தள்ளுபடிப் பலகை பொங்கலுக்கும் தொங்கினால் அடுத்த தீபாவளிக்கு அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

பட்டினப்பாலை கொடிகளைச் சொன்ன பிறகு அந்நகரத்து வணிகர்களையும் சொல்கிறது. நுகத்தடியின் நடு ஆணி போல் நடுநிலை தவறாதவர்கள். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக எண்ணுகிறவர்கள். வாங்கும்போது அதிகம் எடுப்பதில்லை, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பதில்லை, விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்கிறார்கள். 120ஆம் குறளில் வள்ளுவர் வணிகருக்குச் சொல்லும் அறமும் இதுவே.

கொடியை முன்னே சொல்லி, குணத்தைப் பின்னே சொன்னார் புலவர். கொடியைப் பார்த்து வருகிறவர் ஒருமுறை வருவார். குணத்தைப் பார்த்தவர்தான் மறுமுறையும் வருவார். ஆகவே இந்த ஆண்டு கடைக்கு வெள்ளை அடிக்கும்போது பலகையையும் ஒருமுறை தெருவில் நின்று பாருங்கள். அதில் உங்கள் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால், முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.